யாருடைய வாழ்வாதாரம்? சீசனை நம்பும் மலையும் 480 நாள் கணக்கும்

2025 மார்ச் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஏப்ரல் தொடங்கி ஜூன் முடியும் வரை, உதகைக்கு வார நாட்களில் 6,000 சுற்றுலா வாகனங்களும் வார இறுதியில் 8,000 வாகனங்களும் மட்டுமே செல்லலாம். கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. முந்தைய ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் முறையின் தொடர்ச்சி அது. ஏப்ரல் தொடக்கத்தில் நீலகிரியில் கடைகள் அடைக்கப்பட்டன. விடுதி உரிமையாளர்களும் வணிகர்களும் ஒரே குரலில் சொன்ன சொல் ஒன்றுதான்: "வாழ்வாதாரம்".

அந்தச் சொல்லை நாங்கள் இழிவாகக் கருதவில்லை. சீசனில் வண்டி வராவிட்டால் அடுப்பு எரியாத வீடுகள் மலையில் உண்டு. ஆனால் வழக்கு நடந்த காலம் முழுவதும் நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி, மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்பதாகவே இருந்தது. அதை ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் தரப்பட்டது. மலையேறும் ஒவ்வொரு வண்டியும் கொண்டுவரும் பணம் யார் கையில் நிற்கிறது, யார் கையைத் தொட்டுவிட்டு நழுவுகிறது என்ற கேள்வியைக் கேட்பதற்கு அங்கே ஒரு தரப்பும் இல்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் மலையில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 7.35 லட்சம். அதில் பட்டியல் சாதியினர் 32 விழுக்காடு. மாநிலச் சராசரி 20 விழுக்காடு. திருவாரூருக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் விகிதம் மிகுந்த மாவட்டம் இதுவே. நீலகிரி என்றதும் தோடர், படகர், வெள்ளைக்காரர், திரைப்படப் பாடல் காட்சி என்று நினைவுக்கு வரும் மாணவர்களுக்கு இந்த எண் வியப்பளிக்கலாம். 1819இல் மலையேறிய கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன், தோடர்களின் மேய்ச்சல் நிலத்தை அற்ப விலைக்கு வாங்கி உதகையில் கல் பங்களாவைக் கட்டினார். அதன்பின் சாலை வெட்டவும், ராணுவக் குடியிருப்புகளின் மலம் அள்ளவும், தேயிலை நடவும் சமவெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் தலித்துகள். 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பிறகு இலங்கையின் மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டுக் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளில் குடியமர்த்தப்பட்டவர்களிலும் அப்படியே. மலையில் மூன்றில் ஒருவர் தலித். ஆனால் விடுதிப் பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால் இருக்கும் பத்திரங்களில் இந்த விகிதம் இல்லை.

ஒரு ரூபாயின் பயணம்

சுற்றுலா, ஏற்றத்தாழ்வைக் கூட்டுமா குறைக்குமா என்பதில் பொருளியல் அறிஞர்கள் ஒரே முடிவுக்கு வந்தவர்கள் அல்லர். படிப்பும் பயிற்சியும் அதிகம் தேவைப்படாத வேலைகளைச் சுற்றுலா ஏராளமாகத் தருகிறது; ஆகவே கீழே உள்ளவரின் வருமானம் உயரும் என்பது ஒரு வாதம். அது பொய்யன்று. ஆனால் வருமானம் உயர்வது வேறு, இடைவெளி குறைவது வேறு. இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எடுத்துக்காட்டுக்கான கணக்கே தவிர, எந்த விடுதியின் கணக்கும் அன்று.

12 அறைகள் கொண்ட ஒரு தங்கும் விடுதி. சீசன் இல்லாத நாளில் ஓர் அறைக்கு வாடகை 1,500 ரூபாய். பாதி அறைகள் நிரம்புகின்றன. வரவு 9,000. அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்ணுக்கு நாள் கூலி 500. வரவில் பதினெட்டில் ஒரு பங்கு அவருக்குச் செல்கிறது. மே மாதம் வருகிறது. மலர்க் கண்காட்சி. அதே அறை 5,000 ரூபாய்; 12 அறைகளும் நிரம்புகின்றன. வரவு 60,000. துப்புரவு செய்ய வேண்டிய அறைகள் இரட்டிப்பாகின்றன. கூலி? அதே 500. இப்போது அவருடைய பங்கு நூற்றிருபதில் ஒன்று.

அவருடைய வருமானம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். சீசனில் கூடுதலாக ஒருவரை வேலைக்கு எடுத்தாலும் கணக்கு பெரிதாக மாறாது. கூடிய 51,000 ரூபாய் உழைப்புக்கான விலையாக வரவில்லை. அந்த இடத்தில் அந்த நாளில் ஒரு கட்டடம் நிற்கிறது என்பதற்கான விலையாக வந்தது. பொருளியலில் இதற்கு வாடகை என்று பெயர். நிலம் வைத்திருப்பவருக்கே வாடகை சேரும். விடுதியைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் தன் பங்கில் பெரும்பகுதியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவிடுகிறார். இணையவழி முன்பதிவு என்றால், குருகிராமிலோ ஆம்ஸ்டர்டாமிலோ அமர்ந்திருக்கும் நிறுவனம் தன் தரகை முன்னதாகவே எடுத்துக்கொள்கிறது. இத்தனை கைகளையும் தாண்டித்தான் கூலி வருகிறது. சாதிவாரியாக நிலம் பங்கிடப்பட்ட ஒரு நாட்டில், நிலத்தின் விலையை ஏற்றிவிடும் எந்தத் தொழிலும் பழைய பங்கீட்டைப் பெருக்கிக் காட்டும். அதற்கு விடுதி முதலாளி கெட்டவராக இருக்க வேண்டிய தேவையே இல்லை.

240, 480

எங்களிடம் வரும் விடுதித் தொழிலாளர்களிடம் முதலில் கேட்பது, "எத்தனை ஆண்டுகளாக வேலை செய்கிறீர்கள்?" என்பதுதான். "எட்டு வருஷம்", "பத்து வருஷம்" என்பார்கள். அடுத்த கேள்வி: "ஒரு வருஷத்தில் எத்தனை நாள்?" அங்கேதான் வழக்கு நொண்டத் தொடங்கும்.

தொழிற்தகராறுச் சட்டத்தின்படி, 12 மாதங்களில் 240 நாட்கள் வேலை செய்தவரே ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்தவராகக் கொள்ளப்படுவார். ஆட்குறைப்புக்கு எதிரான பாதுகாப்பும் இழப்பீடும் அவருக்குத்தான். புதிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அதே 240தான். தமிழ்நாட்டுக்கென்று இதைவிடக் கூர்மையான ஒரு சட்டம் இருக்கிறது: 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாதங்களில் 480 நாட்கள் பணிபுரிந்தவர் நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்கிறது அது. ஆலைகளுக்கு மட்டுமன்றிக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் பொருந்தும் சட்டம் இது. சட்டக் கல்லூரியில் ஒரு வகுப்பில் கடந்துபோய்விடும் இச்சட்டத்தை மாணவத் தோழர்கள் ஒரு முறையாவது முழுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

இனி மலையின் நாட்காட்டியைப் பாருங்கள். முதல் சீசன் ஏப்ரல் முதல் ஜூன் வரை: 91 நாட்கள். இரண்டாம் சீசன் செப்டம்பர், அக்டோபர்: 61 நாட்கள். வார விடுமுறையே இல்லாமல் உழைத்தாலும் ஆண்டுக்கு 152; இரண்டு ஆண்டுகளுக்கு 304. சீசனுக்கு மட்டும் அழைக்கப்படுகிறவர் பத்து ஆண்டுகள் உழைத்தாலும் 240ஐயும் தொடமாட்டார், 480ஐயும் தொடமாட்டார். பருவகால நிறுவனங்களின் தொழிலாளர்களுக்குப் பணிக்கொடைச் சட்டத்தில் தனி ஏற்பாடு உண்டே என்று கேட்கலாம். உண்டு, நிறுவனம் இயங்கிய நாட்களில் 75 விழுக்காடு பணிபுரிந்திருந்தால் போதும். ஆனால் விடுதி பருவகால நிறுவனம் அன்று. அது ஆண்டு முழுவதும் திறந்திருக்கிறது. பருவகாலமாக இருப்பவர் தொழிலாளி மட்டுமே. முதலீட்டுக்கு 365 நாட்கள், உழைப்புக்கு 152 நாட்கள் என்ற இந்த ஏற்பாட்டில், மழைக்காலத்து இழப்பைச் சுமப்பவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

2020இல் மலையின் வாயில்கள் மாதக்கணக்கில் மூடப்பட்டபோது இது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கடன் தவணையை ஒத்திவைக்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி தந்தது. கட்டடம் வைத்திருந்தவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள முடிந்தது. பதிவேட்டில் பெயரே இல்லாத தொழிலாளி எதை ஒத்திவைப்பார்?

நம்ப வேண்டிய நிலை எப்படி வந்தது?

சுற்றுலாவைப் பெரிதும் நம்பியிருத்தல் என்பது மலைக்கு இயற்கை விதித்ததன்று. உதகையின் இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற மத்திய அரசுப் பொதுத்துறை நிறுவனம் இருந்தது. 1960இல் நிறுவப்பட்டது. நாட்டின் எக்ஸ்ரே படச்சுருளும் கறுப்பு வெள்ளைப் படச்சுருளும் அங்கே செய்யப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்தார்கள். பொதுத்துறை என்பதால் அங்கே பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு இருந்தது. ஊதிய விகிதம், வருங்கால வைப்பு நிதி, குடியிருப்பு எல்லாம் இருந்தன. இறக்குமதியும் டிஜிட்டல் தொழில்நுட்பமும் அதைச் சாய்த்தன. நீண்ட இழுபறிக்குப் பின் 2014இல் மத்திய அமைச்சரவைக் குழு விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்து எஞ்சியிருந்தவர்களை அனுப்பியது. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இன்னும் இயங்குகிறது என்பது ஓர் ஆறுதல்.

தேயிலையின் கதையும் தெரிந்ததே. 1990களின் இறுதியில் சரிந்த பச்சைத் தேயிலை விலை சிறு விவசாயிகளை நிலம் விற்க வைத்தது. விற்ற நிலங்களில் சில, காட்சி மாடம் வைத்த ரிசார்ட்டுகளாகின. தாயகம் திரும்பியோருக்கு வேலை தரவென்றே தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீ, நட்டத்தைக் காரணம் காட்டிச் சுருங்கிக்கொண்டே வருகிறது. 2022இல் அதன் நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு ஆணையிட்டது. காட்டுக்கு நிலம் திரும்புவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த லயன் வீடுகளில் இருந்தவர்களின் மகன்களும் மகள்களும் இப்போது எங்கே வேலைக்குப் போகிறார்கள்? பலர் திருப்பூருக்கும் கோவைக்கும். எஞ்சியவர்களில் பலர் சீசனுக்கு.

மலையின் வேலைவாய்ப்பு பொதுத்துறையிலிருந்து தனியார் விடுதித் தொழிலுக்கு நகர்ந்தபோது, சம்பளத்தோடு இடஒதுக்கீடும் மலையை விட்டு இறங்கிவிட்டது. இதை எந்த வளர்ச்சி அறிக்கையும் ஓர் இழப்பாகப் பதிவு செய்ததாகத் தெரியவில்லை.

முன்வாசலும் பின்வாசலும்

விடுதியில் ஒரே கூரையின் கீழ் இரண்டு உலகங்கள் உண்டு. விருந்தினரைக் கண்டு பேசும் வேலைகள் ஒன்று: வரவேற்பு மேசை, உணவு பரிமாறுதல், ஊர் சுற்றிக் காட்டுதல். விருந்தினர் கண்ணில் படாமல் செய்ய வேண்டிய வேலைகள் இன்னொன்று: கழிப்பறை, படுக்கை விரிப்பு, எச்சில் பாத்திரம், குப்பை, செப்டிக் டேங்க். அன்பளிப்புப் பணம் முன்வாசலில் விழுகிறது. பதவி உயர்வும் அங்கிருந்தே தொடங்குகிறது. யார் எந்த வாசலுக்கு என்பதை "எந்த ஊர்? எந்தத் தெரு?" என்ற இரண்டு கேள்விகள் முடிவு செய்துவிடுகின்றன. அண்மைக் காலத்தில் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்தும் இளைஞர்கள் ஒப்பந்ததாரர்கள் மூலம் அழைத்துவரப்படுகிறார்கள். அவர்களில் ஆதிவாசிகளும் தலித்துகளும் உண்டு. அவர்களிடம் "எந்தத் தெரு" என்று கேட்கத் தெரியாததால், பின்வாசல் மொத்தமாக அவர்களுக்கும் விடப்படுகிறது. உள்ளூர்த் தலித்துகளுக்கும் அவர்களுக்கும் இடையே பகை மூட்டுவது எளிது. அதற்கு இடங்கொடுக்கக் கூடாது.

இங்கே சட்டத்தில் ஒரு விந்தையான இடைவெளி இருக்கிறது. அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பு, கடைகளிலும் பொது உணவகங்களிலும் விடுதிகளிலும் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை அறிந்தவர்களுக்கு அந்த வரியின் எடை புரியும். பரோடாவில் தங்க இடமின்றி, பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கி, பதினோராம் நாள் தடியேந்திய கும்பலால் வெளியேற்றப்பட்டவர் அவர். 1934இல் தோழர்களோடு சுற்றுலாவாகத் தௌலதாபாத் கோட்டைக்குச் சென்றபோது, குளத்து நீரில் கைகால் கழுவியதற்காக வசைபாடப்பட்டவர். விருந்தினராக வரும் தலித்துக்கு 15(2) காவல் நிற்கிறது. ஆனால் அதே விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை கேட்டு வரும் தலித்துக்கு? 16ஆம் உறுப்பு அரசு வேலைக்கு மட்டுமே. தனியார் வேலைவாய்ப்பில் சாதிப் பாகுபாட்டை நேரடியாகத் தடுக்கும் முழுமையான சட்டம் இந்தியாவில் இன்றுவரை இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இழிவுபடுத்தலைத் தண்டிக்கும். "உங்களுக்கு இந்த வேலை சரிவராது" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்புவதை அதனால் பிடிக்க முடியாது.

"ஹோம்ஸ்டே வைத்துக்கொள்ளலாமே, அதற்கு விடுதி முதலாளி தேவையில்லையே" என்று அரசு அலுவலர்கள் யோசனை சொல்வதைக் கேட்டிருக்கிறோம். நல்ல யோசனை. அதற்கு முதலில் பட்டா உள்ள வீடு வேண்டும். கூடலூரில் 1969ஆம் ஆண்டின் ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குள் சிக்கிய நிலங்களில் வாழும் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பட்டாவுக்குக் காத்திருக்கின்றன. மின் இணைப்புக்கே போராட வேண்டியிருந்தது. பட்டா இருந்தாலும், காலனிக்குள் இருக்கும் வீட்டில் தங்கி அந்த வீட்டுச் சோற்றை உண்ண எத்தனை சுற்றுலாப் பயணிகள் வருவார்கள் என்பதை வாசகர்களே சொல்லட்டும்.

பின்வாசலின் கடைசி மூலையில் செப்டிக் டேங்க் இருக்கிறது. முழுமையான பாதாளச் சாக்கடை இல்லாத மலைச்சரிவுகளில் விடுதிகளின் கழிவு அங்கேதான் சேர்கிறது. சீசனில் விரைந்து நிரம்புகிறது. 2013ஆம் ஆண்டின் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரைத் தொட்டிக்குள் இறக்குவதை எவருக்கும், தனியார் விடுதிக்கும், தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் வகுத்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இத்தகைய மரணம் நிகழும் இடங்களிலெல்லாம் நாங்கள் காண்பது, பிணம் மருத்துவமனையில் இருக்கும்போதே குடும்பத்தை அழைத்து ஒரு சிறு தொகைக்குப் "பேசி முடிக்கும்" முயற்சியைத்தான். 30 லட்சம் உரிமை என்பதை அந்த முதல் மணி நேரத்தில் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருந்தால் நிலைமை மாறும்.

ஒரே சந்தை, இரண்டு பைகள்

கூலி மட்டும் கணக்கன்று. சுற்றுலாவை நம்பும் ஊரில் விலைகள் சுற்றுலாப் பயணியின் பைக்கு ஏற்ப நிர்ணயிக்கப்படுகின்றன. அதே சந்தையில்தான் துப்புரவுத் தொழிலாளியும் காய் வாங்குகிறார். நாள் வாடகைக்கு விட்டால் அதிக வருமானம் என்றானபின், மாத வாடகைக்கு வீடு தருபவர்கள் குறைகிறார்கள். நகரத்தின் நடுவே இருந்தவர்கள் சரிவுகளுக்கும் ஓடைக் கரைகளுக்கும் தள்ளப்படுகிறார்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சரிவின் விளிம்பில் வீடு கட்டிக்கொள்வது யாருடைய விருப்பத் தேர்வும் அன்று. கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வசதியுள்ள விடுதிக்கு வறட்சி என்பது ஒரு செலவு; குழாயை மட்டும் நம்பும் தெருவுக்கு அது குடத்தோடு காத்திருக்கும் இரவு.

இவ்வளவும் சொல்வதால் சுற்றுலா வேண்டாம் என்பது எங்கள் நிலைப்பாடு அன்று. வண்டிகளைக் குறைத்தால் முதலில் நிறுத்தப்படுபவர் அந்த 500 ரூபாய்ப் பெண்தான். இதை இ-பாஸை ஆதரிக்கும் சூழலியல் தோழர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும். வண்டிகளைக் கூட்டினாலும் அவருடைய பங்கு கூடாது; இதைக் கடையடைப்பில் அவரையும் அழைத்துக்கொண்டு நின்ற சங்கங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு தரப்பும் அவர் பெயரைச் சொல்லித்தான் வாதிடுகின்றன.

இனி, செய்யக் கூடியவை. வாகனக் கட்டுப்பாட்டு வழக்குகளில் தொழிலாளர் சங்கங்களும் தலித் அமைப்புகளும் தங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கக் கோரி மனு செய்யலாம். சுற்றுலாப் பயணிகளிடம் வசூலிக்கப்படும் நுழைவு, பசுமைக் கட்டணங்களில் ஒரு பகுதி, சீசன் அல்லாத மாதங்களில் தொழிலாளர்களுக்கு உதவித்தொகையாகச் செல்ல வேண்டும் என்று கேட்கலாம். மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணம் தரும் மாநிலத்துக்கு இது புதிய சிந்தனை அன்று. விடுதி உரிமத்தைப் புதுப்பிக்கும்போது ஊதியப் பதிவேட்டையும் கழிவு அகற்றும் ஒப்பந்தத்தையும் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை உள்ளாட்சி அமைப்புகளிடம் கோரலாம். குறைந்தபட்ச ஊதியத்தைப் பொறுத்தவரை, 1948ஆம் ஆண்டுச் சட்டமானாலும் அதன் இடத்துக்கு வந்த 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புச் சட்டமானாலும், நாள் கணக்கில் வேலை செய்பவருக்கும் அது பொருந்தும். 240 நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் சான்று வேண்டும். சீசனுக்கு மட்டும் என்று சொல்லப்படும் பலர் உண்மையில் டிசம்பர் விடுமுறைக்கும், பொங்கலுக்கும், நீண்ட வார இறுதிகளுக்கும் அழைக்கப்படுகிறார்கள். அந்த நாட்களையும் கூட்டினால் சிலர் 480ஐ எட்டிவிடுவார்கள். ஆனால் வருகைப் பதிவேடு முதலாளியிடம் இருக்கிறது. அண்மையில் ஒரு தொழிலாளியின் நாட்களை நாங்கள் வேறு வழியில் எண்ணினோம்: கைப்பேசியில் வந்த கூலியின் யுபிஐ குறுஞ்செய்திகள், "நாளை காலை ஆறு மணிக்கு வா" என்ற வாட்ஸ்அப் குரல் பதிவுகள், வேலைக்குப் போன பேருந்துச் சீட்டுகள். மூன்று மாலைகள் தேவைப்பட்டன. 24 மாதங்களில் 491 நாட்கள் வந்தன. தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் மனு கொடுத்திருக்கிறோம். மலை மாவட்டங்களில் படிக்கும் மாணவர்கள் தங்கள் தெருவில் இப்படி எண்ணத் தொடங்கினால், எண்ணும் முறையைக் கற்றுத்தர நாங்கள் வருகிறோம்.